இரண்டு பெயர், ஒரே கோப்பு

பகல் இரண்டு மணி பத்துக்கு அந்தக் கோப்பை யாரோ மாற்றியிருந்தார்கள். கணினித் திரையில், கோப்பின் பெயருக்குப் பக்கத்தில், இன்றைய தேதியும் அந்த நேரமும் இருந்தன. இரண்டு பத்துக்கு றஷ்மி அலுவலகத்தின் பின்பக்கக் குழாயடியில் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டு நின்றாள். அவளுடைய முதலாளி, காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசு சவுந்தரநாயகம், காலையிலேயே புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். அவர் இருந்தாலும் கணினியைத் தொடுகிற ஆள் இல்லை. அச்சுப்பொறியில் தாள் வைக்கவே அவளைக் கூப்பிடுகிறவர். வாசற்கதவை உள்ளே பூட்டியதும் அவள்தான். பூட்டு போட்டபடியே இருந்தது.

வேறு யாருடைய கோப்பாக இருந்தாலும் அவள் கவனித்திருக்க மாட்டாள். இது அவளுடைய கோப்பு.

மழை விட்டபாடில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கு மேலே இரண்டாம் மாடியில் இருக்கிற அந்த அறைக்குள், பஸ் நடத்துநர்கள் ஊர்ப்பெயர்களை ஏலம் போடுகிற சத்தமும், எதிர்மாடி டியூஷன் வகுப்பில் ஒரு வாத்தியார் மைக்கில் இரசாயனம் கத்துகிற சத்தமும், கடற்கரைத் தண்டவாளத்தில் ரயில் போகும்போது சன்னல் கண்ணாடி நடுங்குகிற சத்தமும் நாள் முழுக்க வந்து சேரும். கீழ்க்கடையில் றோல்ஸ் பொரிக்கிற எண்ணெய் மணம் படியேறி வந்து பழைய உறுதிகளின் தாள் மணத்தோடு கலந்து நிற்கும். இன்று சத்தங்கள் எல்லாம் ஒழுங்காக வந்தன. மணம் மட்டும் வரவில்லை. தடிமன் பிடித்துவிட்டது போலும் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கோப்பைத் திறந்தாள்.

முதற் பக்கத்தில் அவளுடைய படம். அதில் இமைகள் பாதி தாழ்ந்திருந்தன.

கமராவுக்கு முன்னால் கண் சிமிட்டுகிற பழக்கம் அவளுக்கு உண்டு. அதனாலேயே ஸ்டுடியோக்காரன் முணுமுணுக்க முணுமுணுக்க மூன்று தரம் எடுக்க வைத்து, கண் நன்றாகத் திறந்திருந்த படத்தைத் தெரிவு செய்து வைத்தவள் அவள். ஆனால் அதே நீலச் சட்டை, அதே பின்திரை. கண் மட்டும் இப்படி. றஷ்மிக்குப் பயம் வந்தது. பயத்தை விட முதலில் வந்தது குற்ற உணர்ச்சி, ஏனென்றால் அந்தக் கோப்பு நேர்மையான கோப்பு இல்லை.

கொழும்பில் தமிழ்ப் பெயரோடு இருக்கிறவர்களுக்குப் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், உறுதியில் இன்னொரு பெயர் என்று இருப்பது புதினமில்லை. அதற்கு மருந்து ஒரு சத்தியக்கடதாசி. 'மேற்கூறிய இரு பெயர்களும் ஒரே ஆளாகிய என்னையே குறிக்கும்' என்று ஒரு வரி. றஷ்மி அந்த வரியை வாரத்துக்குப் பத்துத் தரமாவது தட்டச்சு செய்வாள். போன வருடம் ஒரு தரம் தனக்காகச் செய்தாள்.

கொட்டாஞ்சேனையில் அவர்கள் இருக்கிற வீடு அவளுடைய அக்கா கொன்ஸ்ரன்ஸின் பெயரில் இருந்தது. கொன்ஸ்ரன்ஸ் கலியாணம் கட்டாதவள். மார்பு வருத்தத்தில் அந்த வீட்டிலேயே செத்துப்போனாள். வீட்டைத் தங்கை பெயருக்கு மாற்ற வழக்குப் போட்டால் மூன்று வருடமாவது இழுபடும் என்றார் சவுந்தரநாயகம். றஷ்மியின் மகள் ஜெனிற்றாவுக்கு அப்போது ஐந்து வயது. நல்ல பள்ளிக்கூடம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது, ஆனால் உறுதியில் தாயின் பெயரோ தகப்பனின் பெயரோ இல்லாத பிள்ளைக்கு அங்கே இடமில்லை. மூன்று வருடம் பள்ளிக்கூடம் காத்திருக்குமா? அதனால் கொன்ஸ்ரன்ஸும் றஷ்மியும் ஒரே ஆள்தான் என்று றஷ்மி ஒரு சத்தியக்கடதாசி அடித்தாள். சவுந்தரநாயகம் ஐயா தொலைபேசியில் கதைத்தபடியே, அடுக்கில் இருந்த பத்தோடு பதினொன்றாக அதிலும் கையெழுத்து வைத்தார். போன புதன்கிழமை பள்ளிக்கூடப் பட்டியல் வந்தது. ஜெனிற்றாவின் பெயர் அதில் இருந்தது.

கடதாசி மட்டும் போதாது, கணினியிலும் ஒழுங்காக இருக்க வேண்டும். யாராவது விசாரித்தால் எந்தப் பெயரைச் சொன்னாலும் ஒரே கோப்பு வர வேண்டும். அந்த வித்தையைச் சொல்லித் தந்தவன், அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற ஆகில். அவள் இப்போது அவனுக்குத்தான் போன் எடுத்தாள்.

"செல்லுங்க றஷ்மி அக்கா."

"ஆகில், ஒரு பைல் தன்ர பாட்டில மாறுமா? நான் தொடயில்லை. இண்டைக்கு ரெண்டு பத்துக்கு மாறியிருக்கெண்டு காட்டுது."

"அந்தப் பைலுக்கு வேற பேர் ஏதும் ஈக்கா?"

அவள் சற்றுத் தயங்கினாள். "ஓம். அண்டைக்கு நீங்கள் சொல்லித் தந்தது. ஹார்ட் லிங்க்."

"அப்ப அந்த மத்தப் பேரால யாரோ திறந்து எழுதியிருப்பாங்க. ரெண்டு பேரும் ஒரே சாமானுக்குத்தானே. அங்க எழுதினா இங்கயும் மாறும். நான் அண்டைக்கே சென்னன், சிம்பொலிக் லிங்க் போடுங்கண்டு. அது சந்தியில நிக்கிற கைகாட்டிப் பலகை மாதிரி, 'வீடு அங்க'ண்டு காட்டும், அவ்வளவுதான். வீட்டை உடைச்சாலும் பலகைக்கு ஒண்டும் ஆகாது, சும்மா நிக்கும். அதுல பேருக்குப் பக்கத்துல அம்புக்குறி விழும், நீங்க தானே அது தெரியக் கூடாதுண்டு சென்னீங்க."

"ஹார்ட் லிங்க்ல எது ஒறிஜினல்?"

"ஒண்டும் இல்ல அக்கா. ரெண்டும் ஒறிஜினல் தான். ஒரு பேரை அழிச்சாலும் மத்தப் பேர் ஈக்கிற வரைக்கும் சாமான் சாகாது."

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். போனை வைத்த பிறகும் அந்தக் கடைசி வார்த்தை அவளை விட்டுப் போகவில்லை.

மற்றப் பெயர் கொன்ஸ்ரன்ஸ். அந்தப் பெயரால் யார் திறப்பது?

அவள் எழுந்து போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தாள். கழிப்பறையைத் திறந்து பார்த்தாள். உறுதிகள் அடுக்கிய இரும்பு அலுமாரிக்குப் பின்னால் ஆள் நிற்க இடமில்லை என்று தெரிந்தும் அங்கேயும் எட்டிப் பார்த்துவிட்டு, இதை யாரும் காணவில்லையே என்று வெட்கப்பட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். விசிறி மேலே கிறீச்சிட்டுச் சுற்றியது. கை விரல்கள் குளிர்ந்து கிடந்தன. ஊதி ஊதித் தேய்த்தாள், சூடு ஏறவில்லை. ஊதிய மூச்சிலேயே சூடு இருக்கவில்லை என்பது மூன்றாம் தரம் ஊதும்போதுதான் உறைத்தது.

நேரம் பார்த்தாள். நாலு ஐந்து. கோப்பின் பக்கத்திலும் நாலு ஐந்து.

திறந்தாள். படத்தில் கண்கள் முழுதாக மூடியிருந்தன. வாய் சற்றே இறுகியிருந்தது. மூக்குத் துவாரங்களில் வெள்ளையாக ஏதோ இருந்தது. அவள் படத்தைப் பெரிதாக்கினாள்.

பஞ்சு.

அவள் கை தானாக மூக்குக்குப் போனது. வெளியே ஒன்றும் இல்லை. உள்ளே, மிக உள்ளே, உலர்ந்த ஏதோ அடைத்துக்கொண்டு இருந்தது.

போன் அடித்தது. புருஷன் றெஜி. துறைமுகத்தில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தான்.

"என்னப்பா, உன்ர குரல் ஏன் இப்பிடி அடைச்சுக் கிடக்கு?"

"தடிமன். பிள்ளை எங்க?"

"இஞ்சதான். பின்னேரம் தொடக்கம் ஒரே கரைச்சல். பெரியம்மா வாறாவாம், ஆறு மணிக்குள்ள வந்திடுவாவாம், உடுப்பு மாத்தி விடட்டாம். கனவு கினவு கண்டாளோ தெரியேல்லை."

றஷ்மி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கொன்ஸ்ரன்ஸுக்கு ஜெனிற்றா என்றால் உயிர். சாகக் கிடந்தபோதும் பிள்ளையைத் தன் கட்டிலிலேயே படுக்க வைக்கச் சொன்னவள். "றெஜி, பிள்ளையைத் தனிய விடாதேங்கோ. கதவைப் பூட்டுங்கோ. நான் வாறன்."

இப்போது அவளுக்கு எல்லாம் விளங்கியது போல இருந்தது. அக்காவின் பெயர் இங்கே உயிரோடு இருக்கிறது. பெயர் இருக்கிற வரைக்கும் சாமான் சாகாது. அவளைச் சேமக்காலையில் அடக்கம் செய்த பிறகு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமென்று மறுபடி எழுப்பி வைத்தது தான்தான். அந்தப் பெயரை அழித்துவிட்டால் முடிந்தது. பள்ளிக்கூடம் போனாலும் போகட்டும், பிள்ளை இருந்தால் போதும்.

திரையில் கோப்புக்கு முன்னால் இரண்டு என்ற எண் நின்றது. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் என்று அதற்கு அர்த்தம். அவள் கொன்ஸ்ரன்ஸ் என்ற பெயரைத் தெரிவு செய்து, அழி என்று கட்டளை கொடுத்தாள். நிச்சயமா என்று கணினி கேட்டது. ஓம் என்று தட்டினாள்.

இரண்டு, ஒன்றாயிற்று.

அக்காவின் பெயர் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. "மன்னிச்சுக்கொள்ளு அக்கா" என்று வாய்விட்டுச் சொன்னாள். பிறகு, எல்லாம் சரியாகிவிட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போவோம் என்று, மிச்சமிருந்த பெயரைத் திறந்தாள்.

றஷ்மி என்ற பெயருக்குக் கீழே சவப்பெட்டி. பளபளக்கிற வெள்ளைச் சற்றின் துணி, தலைமாட்டில் இரண்டு மெழுகுதிரி. படுத்திருந்தது அக்கா இல்லை.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. போன வருடம், இரண்டு பெயருக்கும் அந்த முடிச்சைப் போட்ட அன்று, றஷ்மி என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது என்று கணினி மறித்தது. அதற்குள் அவளுடைய பிறப்புப் பத்திரம், கலியாணப் பதிவு, சொந்தக் கோப்பு. அதை அழித்துவிட்டுத்தான் அவள் அக்காவின் கோப்புக்குத் தன் பெயரையும் சூட்டினாள். அக்காவின் படத்தை எடுத்துவிட்டுத் தன் படத்தை மேலே ஒட்டினாள். ஒட்டியது மேலேதான். உள்ளே இருந்தது செத்தவளுடையது.

செத்தவளுக்கு இருந்த ஒரு பெயரை இப்போது அழித்தாயிற்று. சாவு எங்கும் போகவில்லை. அதற்கு ஒரே ஒரு பெயர் மிச்சம்.

கைகாட்டிப் பலகை போட்டிருந்தால் தப்பியிருப்பாள். வீடு போயிருக்கும், அவள் சும்மா நின்றிருப்பாள்.

போன் அடித்தது. றெஜி. அழுது அழுது தொண்டை கட்டிய குரல்.

"தம்பி, றஷ்மியை எத்தினை மணிக்குக் கொண்டு வருவீங்கள்? ஆக்கள் எல்லாம் வந்திட்டினம்."

"றெஜி, நான் தான். நான் கதைக்கிறன்."

"சரி தம்பி. ஆறு மணிக்குள்ள கொண்டாங்கோ. பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கிறா."

"றெஜி."

வைத்துவிட்டான்.

அவள் படியிறங்கினாள். எப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை. காலி வீதியில் பஸ்ஸில் ஏறினாள். சனம் நெருக்கியடித்து நின்றது, அவளுக்குப் பக்கத்து இடம் மட்டும் வெறுமையாக வந்தது. ஒரு பெண் குனிந்து உட்காரப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தாள். நடத்துநர் காசு கேட்கவில்லை. வெளியே மழை, சிவப்பு வெளிச்சம், மழை. கண் எரியவில்லை என்று நினைத்தாள். எவ்வளவு நேரமாக இமைக்காமல் இருக்கிறோம் என்று நினைத்தாள்.

வீட்டுக்குக் கிட்ட, கொச்சிக்கடையில் இறங்கி நடந்தாள். தெரு அவளுக்கு விலகியது. குடை பிடித்து எதிரே வந்த ஒருவர் ஓரமாக நின்று தொப்பியைக் கழற்றினார். இரண்டு பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஓட வேண்டும் போல இருந்தது. கால் மடங்கவில்லை.

வீட்டுக்குத் திரும்புகிற ஒழுங்கை முகப்பில் சாவீட்டு வெள்ளைக் கொடி.

வீட்டு வாசலில் செருப்புகள். நிறைய.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே கதிரைகள், சனம், ஜெபமாலை முணுமுணுப்பு. அவள் நிலையைத் தாண்டியதும் முணுமுணுப்பு நின்றது. எல்லா முகமும் திரும்பியது. ஒருவரும் பயப்படவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. எல்லார் முகத்திலும் ஒரு ஆறுதல்.

"கொண்டு வந்திட்டினம்," என்றார் யாரோ.

நடு அறையில் பெட்டி. மூடி திறந்து சுவரில் சாய்த்திருந்தது. உள்ளே வெள்ளைச் சற்றின், சுருக்கம் இல்லாமல். வெறுமை. றெஜி அதன் தலைமாட்டில் நின்றான். அவளை நேரே பார்த்தான், பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பினான்.

"ஜெனிற்றா" என்று கூப்பிடப் பார்த்தாள் றஷ்மி. வாய் திறக்கவில்லை. மெல்லிய நூல் ஒன்று உதட்டை உள்ளிருந்து பிடித்திருந்தது.

பிள்ளை சனத்துக்குள்ளிருந்து வந்தாள். புதிய பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். வீட்டில் இருந்த ஒரே வெள்ளை உடுப்பு அதுதான். இன்னும் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போகாத சட்டை, மடிப்புக் கலையாமல் விறைத்து நின்றது. கையில் ஒரு சோடி வெள்ளைக் கையுறை, பெட்டியில் வைக்கிற பெண்களுக்குப் போடுகிற லேஸ் உறை.

"அம்மா, கையைத் தாங்கோ."

கொடுக்கக் கூடாது. றஷ்மிக்குத் தெரியும்.

கை தானாக நீண்டது. ஜெனிற்றா நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, கவனமாக, ஒவ்வொரு விரலாக உறைக்குள் செலுத்தி, சுருக்கம் விழாமல் மணிக்கட்டு வரை இழுத்து விட்டாள். பிறகு மற்ற உறையை எடுத்தாள்.

"மற்றக் கையையும் தாங்கோ அம்மா."