தூக்கப்பெட்டி

பொம்மைப் பெட்டியின் கண்ணாடி மூடியில் உள்பக்கமாக ஆவி படிந்திருந்தது.

இந்திராணி முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். வெளிப்பக்கம் காய்ந்துதான் இருந்தது. இரண்டு வருஷமாகப் பரணில், தகரப் பெட்டிக்குள், பழம்புடவையில் சுற்றிக் கிடந்த சாமான். காஞ்சிபுரத்து வெயில் கூரை ஓட்டைக் காய்ச்சி எடுக்கிற அந்த இடத்தில் ஈரம் எப்படி வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை.

அந்தப் பெட்டியும், கூட வந்த வெள்ளிச் சட்டை ஆட்களும், ஆறு சக்கர வண்டியும், ராக்கெட்டும் அவள் தம்பி முருகேசன் கப்பல் வேலைக்குப் போன இடத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தவை. ஏதோ ஒரு இங்கிலீஷ் விண்வெளிப் படத்தில் வருகிறவர்களாம். அந்தப் படம் ஊருக்கு வந்தபோது அவள் புருஷன் கலியாணசுந்தரம் தறியை நிறுத்திவிட்டு மகள் மங்கையர்க்கரசியைக் கூட்டிப்போனார். அவர் பாதியில் தூங்கிவிட்டார். எட்டு வயது அரசி கண்கொட்டாமல் பார்த்துவிட்டு வந்து வீட்டில் கதையாய்ச் சொல்லித் தீர்த்தாள். தூரத்து நட்சத்திரத்துக்குப் போகிறவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்து வருஷக்கணக்காகத் தூங்குவார்களாம். போய்ச் சேர்ந்ததும் யாராவது எழுப்பவேண்டுமாம்.

கொலுவில் அந்த வெள்ளி ஆட்கள் கடைசிப் படியில் மண் செட்டியாருக்குப் பக்கத்தில் நிற்பார்கள். சுண்டல் வாங்க வரும் எதிர்வீட்டுக் கங்கையம்மாள், "இன்னாமே, சாமிங்களுக்குப் போலீஸ் காவல் போட்டுக்கினு இருக்கியா?" என்று சிரிப்பாள்.

விஜயதசமி ராத்திரி ஆரத்தி எடுத்ததும் ஒரு பொம்மையைப் படுக்கவைத்தால்தான் கொலு முடிந்ததாகக் கணக்கு. மறுநாள் காலையில் அதை எழுப்பி நிறுத்தி, பிறகு எல்லாவற்றையும் கட்டிவைப்பார்கள். படுக்கவைப்பது அரசியின் வேலை. ஹெல்மெட் போட்ட வெள்ளிப் பெண்ணைத் தூக்கப்பெட்டிக்குள் நேராகக் கிடத்துவாள். மிச்சப் பட்டில் அப்பா நெய்துகொடுத்த சாண் அகல அரக்குத் துணியைப் போர்த்துவாள். மூடியை மூடும்முன் துணிமேல் உள்ளங்கையால் மெல்ல மெல்லத் தட்டித் தூங்கவைப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படித் தட்டிவிட்டு எழுந்தவளுக்கு அன்று ராத்திரியே காய்ச்சல் கண்டது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். விடிவதற்குள் போய்விட்டாள். அழுதுகொண்டே அக்கம்பக்கத்தார் கொலுவைக் கலைத்துக் கட்டினார்கள். படுத்திருந்த பொம்மையை எழுப்பவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன வருஷம் வீட்டில் கொலு இல்லை. பொம்மை எழுப்பப்படாமல் படுத்தே கிடப்பது இப்போதுதான் தெரிந்தது.

"அப்படியே பரண்ல போட்டுட்டாங்களா?" கலியாணசுந்தரம் தறிக்குழியிலிருந்து எட்டிப் பார்த்தார். "திறந்து நிக்கவெச்சிடும்மா. பாவம்."

இந்திராணி திறக்கவில்லை. அந்த மூடியைக் கடைசியாக மூடியது அரசியின் கை. திறந்துவிட்டால் அதுவும் இல்லாமல் போய்விடும். பெட்டியை அப்படியே கடைசிப் படியில் வைத்தாள்.

நவராத்திரி முழுக்க அந்த ஆவி போகவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் தடிக்கும். தறிச் சத்தம் நின்று வீடு அடங்கும்போது மூடியின் மேல்முனையில் மெல்லப் பரந்து, சுருங்கி, மறுபடி விரியும். சாம்பிராணிப் புகையையும் சுண்டல் வாசனையையும் தாண்டி யூகலிப்டஸ் தைலமும், நெற்றியில் போட்ட ஈரத்துணியும், காய்ச்சலில் வியர்த்த பிள்ளைத் தலையும் சேர்ந்த அந்தக் கடைசி ராத்திரியின் வாசனை படிகளுக்கு அடியிலிருந்து எழுந்து வரும். அவள் பயந்தாள். பயந்தபடியே பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பெற்ற வயிறு வேறு என்ன செய்யும். ஒருநாள் ஆவியின் நடுவே சின்னதாய் ஒரு விரல் இழுத்த கோடு தெரிந்தது. அதன்மேல் வெளியிலிருந்து தன் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

விஜயதசமியன்று ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தவள், எந்தப் பொம்மையையும் தொடவில்லை.

"இன்னும் படுக்க வெக்கலியா?"

"இந்த வருஷம் யாரும் படுக்கவேணாங்க. எல்லாம் நிக்கட்டும்."

கலியாணசுந்தரம் கொலுப்படியருகே வந்தார். "ஏதாவது ஒண்ணு படுக்கணும்மா. அப்பத்தான் முடியும். அந்தப் பொம்மைய எழுப்பிட்டு, வேற ஒண்ண நான் படுக்க வெக்கிறேன். கொழந்தைய போவவிடு."

"எங்க போவணும்? அவ எழுந்திரிக்கட்டும்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்தில் பாயை விரித்து, எப்போதும்போல் ஒருக்களித்துச் சுருண்டு படுத்தார். குழியில் உட்கார்ந்து உட்கார்ந்து வளைந்த முதுகு. மல்லாந்து படுக்க அவரால் முடியாது.

அவர் தூங்கியதும் இந்திராணி மூடியில் வாயை வைத்தாள். "அரசி. வந்து சேந்துட்ட கண்ணு. எழுந்திரும்மா."

உள்ளிருந்து மெல்ல ஒரு தட்டு.

மூடியைத் திறந்தாள். வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது, தைல வாசனையோடு. வெள்ளிப் பெண் துணிக்குள் அசையாமல் கிடந்தாள். அவளை எடுத்துப் படியில் நிறுத்தி, பட்டுத்துணியை மடித்துக் காலடியில் வைத்துவிட்டு, இந்திராணி படுத்து அழுதாள். அழுதபடியே தூங்கிப்போனாள்.

விழித்தபோது விடியவில்லை. மாடவிளக்கு சின்னதாய் எரிந்தது.

தட். தட்.

மெத்தென்ற சத்தம். அவளுக்குத் தெரிந்த சத்தம்.

எழுந்து உட்கார்ந்து படியைப் பார்த்தாள். பொம்மைகள் எல்லாம் நின்றன. வெள்ளிப் பெண்ணும் நின்றாள். பெட்டியின் மூடியில் ஆவி இல்லை. காலடியில் துணி இல்லை.

தட். தட்.

கலியாணசுந்தரம் மல்லாந்து படுத்திருந்தார்.

நேராக. கைகள் இரண்டும் பக்கத்தில். வளைந்த முதுகு பாயோடு பாயாகப் படிந்திருந்தது. மார்பின்மேல் சாண் அகல அரக்குத் துணி.

மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை. துணி மட்டும் குழிந்தது. ஒரு பிள்ளையின் உள்ளங்கை அளவுக்கு. நிமிர்ந்தது. குழிந்தது. அங்கே கை எதுவும் இல்லை.

"இன்னாங்க," என்றாள்.

தட்டுவது நின்றது.

துணி அவர் மார்பிலிருந்து வழுக்கித் தரைக்கு இறங்கியது. மெல்ல. கசங்கிவிடுமோ என்று பயந்து இழுப்பதுபோல. இந்திராணியின் பாயை நோக்கி.

கதவு பக்கத்தில்தான் இருந்தது. தாழ்கூடப் போடவில்லை. கத்தினால் கங்கையம்மாள் வருவாள். இந்திராணி எழுந்து ஓடவில்லை. தைல வாசனை கிட்டே வந்தது. சூடாய், ஈரமாய்ச் சின்ன உள்ளங்கை ஒன்று அவள் தோளைப் பின்னால் அழுத்தியது. படுக்கச் சொல்லும்போது அரசி அப்படித்தான் அழுத்துவாள்.

காலையில் எழுப்பி நிறுத்த இந்த வீட்டில் இனி யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

கைகளைப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தாள். துணி கழுத்துவரை ஏறி, ஓரம் சரிசெய்யப்பட்டு, நின்றது.

அவள் மார்பின்மேல் பட்டு குழிந்தது.