ஒன்றில் மட்டும் இருந்த ஓடுபாதை

விமான சிமுலேட்டரை அணைத்து வெகுநேரம் ஆகியும் லேப்டாப் திரையில் அந்தச் சின்ன விமானம் போய்க்கொண்டே இருந்தது.

அவன் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க அடுக்குமாடிகளில் மேலேயும் கீழேயும் போய்வருகிறவன், சாயங்காலம் வீடு திரும்பியதும் எங்கேயாவது நேராகப் போக ஆசைப்படுவதில் தப்பில்லை. நிஜ விமானத்தில் ஏறியது வாழ்க்கையில் ஒரே தடவை, அதுவும் நடு இருக்கை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள ஹாலின் மூலையில் ஒரு மேசை, பெரிய கம்ப்யூட்டர், உடைசல் கடையில் வாங்கிய கார் சீட், திருப்புவதற்கு ஒரு கைப்பிடி. அதில் உட்கார்ந்து உலகத்தையே சுற்றி வருவான். சுற்றி வந்து, மனைவி கூப்பிட்டதும் பாத்திரம் கழுவப் போவான்.

மூன்று வாரமாக அவனுக்கு ஒரே கவலை. பறக்கிற ஆட்டம் இருக்கிறது. எந்த வழியாகப் போக வேண்டும் என்று முன்கூட்டியே கோடு போட்டு, போகும்போது எங்கே இருக்கிறோம் என்று காட்டுகிற வரைபட மென்பொருள் வேண்டும். லேப்டாப்பில் மூன்று மென்பொருள்களை இறக்கி வைத்திருந்தான். அவனே பெயரும் வைத்தான். ஒன்று ஓசி: காசு கிடையாது, கோடு போட அருமையானது, ஆனால் அதில் இருக்கிற விமான நிலையங்களின் விவரம் அரதப் பழசு. இன்னொன்று பணக்காரன்: விவரமெல்லாம் புத்தம் புதுசு, விலையைப் பார்த்தால்தான் தலை சுற்றும். மூன்றாவது மினுக்கி: பார்க்க லட்சணம். எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது என்று முடிவெடுக்க முடியாமல் மூன்றையும் மாற்றி மாற்றித் திறந்துகொண்டிருந்தான்.

"வீடு பார்க்கப் போனப்போ அரை மணி நேரத்துல சரின்னு தலையாட்டிட்டீங்க, ஒரு மேப்புக்கு மூணு வாரமா?" என்று மனைவி கேட்டிருந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இன்று மாலை ஷிப்ட். மகள் பாப்பாவுக்குக் காய்ச்சல் என்பதால் அவன் வேலைக்குப் போகவில்லை.

பொழுது இருட்டிக்கொண்டு வந்தது. மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். குழாயில் தண்ணீர் ஓடி நின்றது. பாப்பாவின் அறையிலிருந்து வந்துகொண்டிருந்த கார்ட்டூன் சத்தமும் ஓய்ந்து, சுவரோடு ஒட்டி நின்ற பெரிய கம்ப்யூட்டரின் விசிறி எப்போதோ அடங்கிவிட்ட அந்த அமைதியில், திரையில் அந்த விமானப் பொம்மை மட்டும் நிதானமாக, யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாததுபோல, மலைகளை நோக்கி ஊர்ந்தது. உயரம் ஏழாயிரம் அடி என்று ஓரத்தில் எழுதியிருந்தது.

எங்கிருந்து வருகிறது இந்தக் கணக்கு? அமைப்புகளைத் திறந்து பார்த்தான். லேப்டாப்பில் திறந்திருந்த ஓசிக்கு இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது சிமுலேட்டர் இல்லை, அவனுடைய டேப்லெட். 'அட மண்டு' என்று தன்னையே திட்டிக்கொண்டான். மத்தியானம் டேப்லெட்டில் ஓசியைப் போட்டுப் பார்த்தவன், சிமுலேட்டரிடம் கேள் என்று மாற்றிவைக்க மறந்துவிட்டான். டேப்லெட் இருக்கும் இடத்தையே அது விமானம் இருக்கும் இடமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. புதிதாகப் பயன்படுத்துகிற எல்லாரும் செய்கிற தப்புதான்.

அப்படியானால் பொம்மை இந்தத் தெருவில் அல்லவா நிற்க வேண்டும். டேப்லெட் பாப்பாவிடம் இருக்கிறது.

அவன் எழுந்து அறைக்குப் போனான். பாப்பா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஏழு வயது, தூங்கும்போது ஐந்து வயது மாதிரி இருப்பாள். தலையணை ஓரத்தில் டேப்லெட். அதை மெல்ல எடுத்துக்கொண்டு சமையலறை வரை நடந்தான். லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தான். பொம்மை சட்டென்று தாவி, அவர்கள் தெருவில், அவர்கள் வீட்டின் மேல் வந்து நின்றது. உயரம் நாற்பது அடி. மூன்றாவது மாடிக்குச் சரியான கணக்கு.

சிரிப்பு வந்தது. சிக்னல் குழம்பியிருக்கிறது, அவ்வளவுதான். டேப்லெட்டைத் திரும்பக் கொண்டுபோய்ப் பாப்பாவின் பக்கத்தில் வைத்தான்.

பொம்மை மறுபடி மலைப்பக்கம் போய்விட்டது. விட்ட இடத்திலிருந்து அல்ல. விட்ட இடத்தையும் தாண்டி, இவ்வளவு நேரம் நிற்காமல் போயிருந்தால் எங்கே இருக்குமோ அங்கே.

மறுபடி எடுத்தான். தெரு. வைத்தான். மலை. எடுத்தான். வைத்தான். நாலாவது தடவையும் அதேதான். டேப்லெட் எங்கேயும் போகவில்லை. பாப்பா பக்கத்தில் இருக்கும்போது மட்டும் அது பாப்பா இருக்கிற இடத்தைச் சொல்கிறது.

"அப்பா," என்றாள் பாப்பா, கண்ணைத் திறக்காமல். "காது வலிக்குதுப்பா."

அவன் கட்டிலில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டான். மத்தியானம் தோசைக்கல் மாதிரி கொதித்த நெற்றி. இப்போது ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த எவர்சில்வர் டம்ளர். ஜன்னல் சாத்தியிருந்தது, ஃபேன் ஓடவில்லை, ஆனாலும் அவள் முன்னெற்றி முடி பின்பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. ஒரே சீராக, ஒரே திசையில். கையை அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினான். காற்று இல்லை. அவள் முடிக்கு மட்டும் காற்று. போர்வை நனைந்திருந்தது. வியர்வை நாற்றம் இல்லை. மழைக்கு முந்தின வானத்தின் பச்சை வாசனை.

அவளை அள்ளித் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தான். டேப்லெட்டை அவள் மடியிலேயே வைத்தான். கட்டிலில் ஏதோ இருந்தால் கட்டிலோடு போகட்டும். போகவில்லை. அவன் கார் சீட்டில் அவளை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க, திரையில் பொம்மை போய்க்கொண்டிருந்தது.

மனைவிக்குப் போன் போட்டான்.

"ஜுரம் எப்படி இருக்கு?"

"ஜுரமே இல்ல. சில்லுன்னு இருக்கா."

"விட்டிருக்கும். வேர்த்தா துடைச்சு விடுங்க. நல்லதுதானே?"

"நீ உடனே வா."

"ஏங்க, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"எதுவும் கேக்காத. வா."

"கிளம்பிட்டேன். அரை மணி நேரம் ஆகும். அவளை விட்டு எங்கயும் நகராதீங்க."

அவன் நகரவில்லை. நகர்ந்துகொண்டிருந்தது அவள்.

அப்போதுதான் பொம்மைக்கு முன்னால் நீண்டிருந்த ஊதா நிறக் கோட்டைக் கவனித்தான். அது அவன் போட்ட கோடு. மத்தியானம் ஓசியைச் சோதிக்கும்போது, பாப்பா பக்கத்தில் படுத்திருக்க, வீட்டிலிருந்து தொடங்கி விரல் போன போக்கில் இழுத்த கோடு. எங்கே இறங்குவது என்று போடவில்லை. சும்மா பார்ப்பதற்குத்தானே என்று மலையின் நெஞ்சில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தான். பாப்பா அந்தக் கோட்டின் மேலேயே, பிசகாமல் போய்க்கொண்டிருந்தாள்.

பணக்காரனைத் திறந்தான். அதே இடம், அதே உயரம். மினுக்கியைத் திறந்தான். அதுவும் அதையே சொன்னது. மூன்றில் ஒன்றாவது பொய் சொல்லக் கூடாதா! பணக்காரன் மேட்டு நிலத்துக்கு நிறம் பூசிக் காட்டும். முட்டாத மலை பச்சை, நெருங்கும் மலை மஞ்சள், முட்டப்போகும் மலை சிவப்பு. பொம்மைக்கு முன்னால் மஞ்சள். மஞ்சளுக்குப் பின்னால் திரை முழுக்கச் சிவப்பு.

பணக்காரனில் கோட்டை மாற்றிப் போட்டான். பாப்பா திரும்பவில்லை. மினுக்கியில் போட்டான். திரும்பவில்லை. ஓசியில், தொடுதிரையில் விரலால் கோட்டின் நுனியைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தான்.

மடியில் பாப்பாவின் உடம்பு இடப்பக்கமாகச் சாய்ந்தது.

திரையில் பொம்மை திரும்பியது. அவன் அழுதுவிட்டான். கோட்டை அப்படியே வளைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். வீட்டின் மேல் விரலை வைத்து, இங்கே இறங்கு என்று அழுத்தினான். ஓசி மறுத்தது. அதற்குத் தெரிந்த விமான நிலையம் எதிலாவதுதான் இறக்கும். வீட்டில் எப்படி இறங்குவது? ஊர் விமான நிலையத்தைப் போட்டான். ஏற்றுக்கொண்டது. பொம்மை திரும்பியது. ஆனால் உயரம் குறைந்துகொண்டே வந்தது. ஆறாயிரம். ஐயாயிரத்துச் சொச்சம். கோடு திருப்பும், தூக்கிப் பிடிக்காது. வந்த வழியில் தாண்டிய மேடுகளே இப்போது பணக்காரனில் சிவப்பாகிவிட்டன. சுற்றிலும் சிவப்பு. கிண்ணத்துக்குள் விழுந்த எறும்பு மாதிரி அவள்.

"அப்பா, குளுருது."

"இதோ கண்ணு. இதோ இறக்கிடறேன். அப்பா இருக்கேன்ல?"

கிண்ணத்தின் அடியில் ஒரு சமவெளி. அதில் ஓசி ஒரு ஓடுபாதையைக் காட்டியது. சின்னது, ஒற்றைக் கோடு. அவனுக்குச் சாமி கண்ணைத் திறந்த மாதிரி இருந்தது. சரிபார்க்கலாம் என்று பணக்காரனில் அதே இடத்தைத் தேடினான்.

அங்கே நீலம்.

மினுக்கியிலும் நீலம். பெரிய நீலம். அணை. ஓசியின் விவரம் பழசு. அது எழுதப்பட்ட காலத்தில் அணை கட்டியிருக்க மாட்டார்கள். ஓடுபாதை இருந்திருக்கும். இப்போது அது தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது.

இல்லை. இரண்டு பேரும் தப்பாக இருக்கலாம். ஓசி பழசுதான், ஆனால் பாப்பா ஓசியின் பேச்சைத்தானே கேட்கிறாள்? ஓசியின் உலகத்தில்தானே போய்க்கொண்டிருக்கிறாள்? அந்த உலகத்தில் அங்கே தரை இருக்கிறது. கெட்டியான தரை. அவன் அப்படித்தான் நினைத்தான். நினைக்க வேறு என்ன இருந்தது? மூவாயிரம் அடி. அவள் பற்கள் கிட்டித்தன. உதடு நீலம் பாரித்தது. வேறு இடம் தேடினான். இல்லை. பெரிதாக்கித் தேடினான். இல்லை. இரண்டாயிரத்து இருநூறு.

கோடு போட்டுப் பழகிய விரல், அவனைக் கேட்காமலே அழுத்தியது. இங்கே இறங்கு.

ஓசி உடனே ஏற்றுக்கொண்டது.

பொம்மை வளைந்தது. பாப்பாவின் தலை அவன் தோளில் சரிந்தது. ஆயிரம். எண்ணூறு. அவன் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டான். நானூறு. இருநூறு. அவள் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்தான். மெல்லிய அதிர்வு ஒன்று அவள் முதுகெலும்பில் ஏறியது. இன்னொன்று. உருளும் அதிர்வு. நீண்டது, தேய்ந்தது, அடங்கியது.

வேகம் பூஜ்யம்.

"அப்பா, வந்தாச்சா?"

"வந்தாச்சுடா." அவள் முதுகைத் தடவினான். "வந்தாச்சு தங்கம். கண்ணைத் திற."

திறந்தாள். அவனைப் பார்க்கவில்லை. அவன் முகத்தை ஊடுருவி எங்கேயோ தூரத்தில் பார்த்தாள்.

"விளக்கு போட்டிருக்காங்கப்பா. ரெண்டு பக்கமும்."

அவள் குதிகாலிலிருந்து தண்ணீர் சொட்டியது. பாசி நாற்றம். முடி இப்போது பின்னால் பறக்கவில்லை. மேலே எழுந்தது. மெதுவாக, இழை இழையாக, தலையைச் சுற்றிப் பரந்து மிதந்தது.

"எந்திரி. பாப்பா, அப்பாவைப் பாரு. இங்க பாரு!"

"யாரோ நிக்கிறாங்க."

"யாரும் இல்ல. நீ நம்ம வீட்ல இருக்க. என் மடியில இருக்க."

"நிறைய பேருப்பா. ரொம்ப நாளா யாருமே வரலியாம்."

ஒரு கையால் அவளைக் கட்டிக்கொண்டு மறு கையால் ஓசியில் புதிதாகக் கோடு போட்டான். அங்கிருந்து மேலே. எங்கேயாவது. கோடு ஒட்டவில்லை. மறுபடி. ஒட்டவில்லை. பயணம் முடிந்தது என்று ஓசி சொன்னது. மறுபடி இழுத்தான். பயணம் முடிந்தது.

வாசலில் சாவி திரும்பும் சத்தம். "என்னங்க?" என்று மனைவியின் குரல். அவன் பாப்பாவை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

பாப்பாவின் வலக்கை தானாக உயர்ந்தது. பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்கும் குழந்தையின் கை எப்படி உயர்ந்திருக்குமோ அப்படி. மணிக்கட்டின் தோல் அமுங்கியது. ஒரு விரலின் தடம். இரண்டு. ஐந்து. ஈரமாக, அழுத்தமாக.

பாப்பா அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தாள்.

பிறகு அவள் இடக்கையும் உயர்ந்தது.