காந்தம் ஒட்டிய தகடு

“இதை எவர்சில்வர்னு எந்த மடையன் எழுதிக் கொடுத்தான்?”

நெவீன் கையிலிருந்த காந்தம் தகட்டுச் சுருளில் டக்கென்று ஒட்டிக்கொண்டது. எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. அலெக்ஸாந்திரியா துறைமுகத்தில் டீ விற்பவனுக்குக்கூடத் தெரிந்த பாடம் அது.

“அந்த மடையன் உங்க பின்னாடிதான் நிக்கறான், மேடம்.”

திரும்பினாள். தூறலில் நனைந்த தலை, கோபத்தில் சிவந்த காதுகள்... தேன் நிறத்தில் இரண்டு கண்கள். இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத் தொலைத்ததற்காகவே அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

அவன் பெயர் தாமெர். நகருக்கு வெளியே பாத்திரப் பட்டறை நடத்துகிறவன். இந்தத் தகடு வெளியே வந்தால்தான் ரமலானுக்குள் கடைகளுக்குப் பாத்திரம் போகும்.

“இதுல குரோமியம் இருக்கு மேடம், நிக்கல்தான் இல்ல. நிக்கல் இல்லாத எவர்சில்வர்ல காந்தம் ஒட்டத்தான் செய்யும்.”

“கதை நல்லாருக்கு. வீட்டுக்குப் போய் உங்க அம்மாகிட்ட சொல்லுங்க.”

“சொல்லலாம். எங்கம்மா உங்கள மாதிரி இல்ல, பொறுமையா கேப்பாங்க.”

சுமை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். அது போதாதா? அந்தச் சுங்கக் கொட்டகையில் சோதனை அதிகாரியாக நிற்கும் ஒரே பெண் அவள். ‘சாதாரண எஃகு, பொய் விவரம்’ என்று அழுத்தி எழுதினாள். மேலதிகாரி வக்தி அதற்குக் கையெழுத்துப் போட்டால் இறக்குமதி உரிமம் போகும், பட்டறைக்குப் பூட்டு விழும்.

“ஆய்வுக்கூடத்துக்கு ஒரு துண்டு அனுப்பிப் பாருங்களேன்.”

“காந்தமே போதும்.”

“போதுமா? அப்ப மழை சொல்லட்டும்.” சுருளின் மேலிருந்த எண்ணெய்த்தாளைப் பரக்கென்று கிழித்து எறிந்தான். “முற்றத்துல போடுங்க. நனையட்டும்.”

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். என்ன திமிர்...

அன்று மாலையே, வருஷா வருஷம் குளிர்காலத்தில் வரும் காஸிம் புயல் வந்தது. கடல் சுவரேறிக் குதித்துச் சாலையை நனைத்தது. வீட்டில் அவித்த மொச்சையை ரொட்டியில் தோய்க்கும்போதெல்லாம் அவனைத் திட்டினாள். திட்டி முடித்தால் அந்தக் கண்கள் வந்து நின்றன. மறுபடி திட்டினாள்.

நாலைந்து நாள் கழித்துப் புயல் ஓய்ந்ததும் முற்றத்துக்குப் போனாள். பக்கத்தில் கிடந்த வேறொருவரின் இரும்புச் சுருள் மருதாணி பூசினாற்போலச் சிவந்து துருவேறிக் கிடந்தது. தாமெரின் சுருளில் ஒரு பொட்டுத் துரு இல்லை. தண்ணீர் முத்து முத்தாக நிற்க, அதில் அவள் முகம் தெரிந்தது. முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

ஒரு துண்டு வெட்டி, தானே ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனாள். குரோமியம் வேண்டிய அளவு இருந்தது. எவர்சில்வர்தான்.

வக்தி பேனாவைத் திறந்து வைத்திருந்தார். “விடும்மா. எழுதினது எழுதினதுதான். கோர்ட்டுல பாத்துக்கட்டும். இப்ப மாத்தினா நாளைக்கு எவன் உன் பேச்ச மதிப்பான்?”

“தப்பா எழுதிட்டு மதிப்பு வேறயா ஸார்?” கொட்டகை முழுக்கக் கேட்டது அவள் குரல். “தப்பு என்னுது. நானே அடிக்கறேன்.”

எழுதியதன் மேல் கோடு கிழித்தாள். புதிதாக விவரம் எழுத, நாடாவை எடுத்து அகலம் அளந்தாள். அளந்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவனை வரச்சொல்லி ஆள் அனுப்பினாள்.

“வாங்க பாஷா,” என்று பெரிய மனிதரை அழைப்பதுபோல் ஆரம்பித்தாள். “தகடு எவர்சில்வர்தான். நான்தான் அவசரப்பட்ட மடச்சி, மன்னிச்சிடுங்க. ஆனா அகலம் அறுபது சென்டிமீட்டர்னு எழுதியிருக்கீங்களே, அளந்தா அம்பத்தஞ்சுதான வருது? அறுபதுக்குக் கொறஞ்சா சுங்கக் கணக்குல அது வேற வகை. தெரியாதா?”

அவனே நாடாவை வாங்கி அளந்தான். காது சிவந்தது.

“போன தடவ வந்தது அகலத் தகடு. அதப் பாத்து அப்படியே...”

“எந்த மடையன் எழுதினான்னு நான் கேட்டது சரிதான்.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து அவளும் தோற்றாள். திருத்தி எழுதிக் கொடுத்தான். சுருள்கள் லாரியில் ஏறின. மறுபடி தூறல் விழுந்தது. அவன் மட்டும் போகவில்லை.

“சரக்குதான் விட்டாச்சே. இன்னும் என்ன?”

“கோபம் போகல.”

“மன்னிப்புக் கேட்டேன்ல?”

“உங்க மேல இல்ல, என் மேல. புயல்லயும் தினம் அந்த வேலிப் பக்கம் வந்தேன், தகட்டப் பாக்க. தகட்ட எங்க பாத்தேன்... தலையில கோட்டப் போட்டுக்கிட்டு நீங்க நடந்து போறதத்தான் பாத்தேன். என்னப் பொய்யன்னு எழுதின பொண்ணு மேல ஆசை வெச்சிருக்கேன். இதவிடக் கேவலம் உண்டா?”

நெவீன் காந்தத்தைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். நெஞ்சு அடித்த அடி லாரிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது.

“உங்கள நெனச்சா வர்றது கோபம்னுதான் நானும் இத்தன நாளா வெச்சிருந்தேன்...” குரல் தழைந்தது. “அதுவும் வேற வகையாம், பாஷா.”

அவன் ஓரடி முன்னால் வந்தான். அவள் நகரவில்லை.

“உங்கம்மா பொறுமையா கேப்பாங்கன்னீங்களே... வந்து சொல்லட்டுமா?”