வடிகால் வாய்

தண்ணீர் இரண்டு விரற்கடை ஏறியிருந்தது.

இறங்கியிருந்தால் ரூபேந்திரன் கவலைப்பட்டிருக்க மாட்டான். நீரோட்டத்தில் குளிரும் கணினியில் மாதத்துக்கு ஒரு நூலிழை நீர் குறையும். அது அதன் சுபாவம். மூடி திருகி அடைத்த தொட்டிக்குள் யாரும் ஊற்றாமல் நீர் கூடுவது எந்தக் கணினியின் சுபாவமும் இல்லை. வெள்ளிக்கிழமை அவன் பேனாவால் போட்டு வைத்த அடையாளத்தைத் தாண்டி, திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, அரிசி களைந்த நீர்போல அது வெளுத்து நின்றது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். தூங்கி எழுந்த வாயின் வாடை. அவசரமாக மூடினான்.

கணினிப் பெட்டி வீட்டுக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. லாபிஸ் ஊரில் டொரத்தி என்ற விதவையிடம் வாங்கினான். அவள் கணவர் ரேமண்ட் தம் கையாலேயே கட்டியது. குழாய்களைச் சூடுகாட்டி அத்தனை நேர்த்தியாக வளைத்த மனிதர், நீரை வடிக்க மட்டும் ஒரு வழி வைக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார். நீர் மாற்ற வேண்டுமானால் முப்பது கிலோ பெட்டி முழுவதையும், வாந்தியெடுக்கிற குடிகாரனைப் பிடிப்பதுபோல, இரண்டு பேர் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். பகலில் ரூபேந்திரன் வீட்டில் ஒற்றை ஆள். அதனால் அடியில் ஒரு திருகுகுழாய் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தான்.

அவன் மனைவி சந்திரமதிக்கு இந்தப் பெட்டியைப் பிடிக்கவில்லை. செனாய் தொழிற்சாலைக்கு வேலைக்குக் கிளம்பும்போதுகூட, "நான் ஒரு மாசமா ஃபேன் கேக்குறேன். நீங்க இதக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கீங்க," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மகள் லோஷினிக்கு நான்கு மணிக்கு மருந்து கொடுக்கவும் சொல்லிப் போனாள். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பத்து நாளாக மூச்சு இழுக்கிறது. கிளினிக்கில் தூசு என்றார்கள். அந்தப் பத்து நாளையும் இந்தப் பத்து நாளையும் சேர்த்துப் பார்க்க ரூபேந்திரனுக்குத் தோன்றவில்லை, யாருக்கும்தான் தோன்றியிருக்காது.

தொட்டியின் அடியில் பித்தளைத் திருகால் அடைத்த ஒரு துளை சும்மா இருந்தது. பக்கத்தில் வெள்ளை டேப் ஒட்டி, ரேமண்டின் பொடி எழுத்தில் மூன்றே எழுத்து: ஏ, ஐ, ஆர். ஜொகூரில் ஒரு குழாய்க்குப் பக்கத்தில் அதைப் பார்க்கிற எவனும் மலாயில் ஆயர் என்றுதான் படிப்பான். வாசலில் இருக்கும் மீட்டர் பெட்டியிலும் அதுதானே எழுதியிருக்கிறது. தண்ணீர். ஆகவே தண்ணீர் போகிற வழி. இருந்தாலும் ஒரு மரியாதைக்கு அதைப் படமெடுத்து டொரத்திக்கு அனுப்பிக் கேட்டிருந்தான். பதில் இல்லை.

மின்கம்பியைப் பிடுங்கினான். கீழே வாளி வைத்தான். மேல்மூடி இறுக மூடியிருக்கும்வரை அடித்துளை வழியாக நீர் கொட்டாது, சொட்டத்தான் செய்யும். அந்த நேரத்துக்குள் பித்தளைத் திருகைக் கழற்றி, கட்டைவிரலால் அடைத்து, திருகுகுழாயை முறுக்கிவிட வேண்டும். முறுக்கினான். கட்டைவிரலை மட்டும் அந்தத் துளை ஒரு நொடி உள்ளே இழுத்துப் பிடித்ததுபோல இருந்தது.

வெளியே மழை தகரக் கூரையை அறைந்துகொண்டிருந்தது. பக்கத்து அறையில் கதவு திறந்திருக்க, தூங்கும் லோஷினியின் மூக்கிலிருந்து மெல்லிய விசில் ஒன்று ஏறியிறங்கி வந்தது. மேல்மூடியைத் திறந்துவிட்டுக் குழாயைத் திருகினான். வெளுத்த நீர் வாளிக்குள் இறங்கியது. தொட்டியும் குழாய்களும் சேர்ந்து ஒன்றரை லிட்டர் கொள்ளும். வாளியில் மூன்று லிட்டர் நிறைந்த பிறகும் தொட்டி பாதிக்குக் கீழே இறங்கவில்லை. வாளியை மாற்றலாம் என்று குழாயை மூடினான்.

விசில் நின்றது.

எழுந்துவிட்டாள் என்று நினைத்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டான். மழைச் சத்தம்தான். குழாயைத் திறந்தான். விசில். மூடினான். இல்லை. திறந்தான்.

திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினான். பிள்ளையைத் தூக்கி உலுக்கினான். கழுத்து துணிபோலத் தொங்கியது. கண் பாதி திறந்திருந்தது, பார்க்கவில்லை. அடுத்த அறையில் நீர் இறங்கும் தாளத்துக்கே அவள் மார்பு ஏறி இறங்கியது. மருந்துக் குப்பியை வாயில் வைத்து இரண்டு முறை அழுத்தினான். ஒன்றும் ஆகவில்லை. அவசர உதவிக்கு 999-ஐக் கூப்பிட்டான். சிம்பாங் ரெங்கம் சாலையில் வெள்ளம், ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள்.

தொட்டியில் மூன்று விரற்கடை மிச்சம்.

வாளி நீரைத் திரும்ப ஊற்றினான். விசில் தொடர்ந்தது. ஆனால் ஒரு லிட்டர் ஊற்றினால் முக்கால்தான் கீழே வந்தது. அடுத்த முறை அரை. மற்றது பிள்ளையின் மூச்சாகிப் போகிறதென்று அவனுக்குப் புரிந்துவிட்டது. சமையலறைக் குழாயில் நீர் பிடித்து வந்து கொட்டினான். அது தெளிவாக உள்ளே போய்த் தெளிவாகவே வெளியே வந்தது. அது வந்த நேரமெல்லாம் பக்கத்து அறையில் சத்தமே இல்லை.

ஓடிப்போய் அவள் வாயில் வாய் வைத்து ஊதினான். மார்பு எழவில்லை. அடுத்த அறையில், தொட்டிக்குள், குமிழிகள் கொப்புளித்தன.

மறுபடி ஊதினான். மறுபடி அங்கே.

கைப்பேசி அடித்தது. டொரத்தி.

"தம்பி, படம் இப்பதான் பாத்தேன். அதத் தொறக்காதீங்க."

"தொறந்துட்டேன் ஆண்ட்டி. ஆயர்னு போட்டிருந்துச்சு…"

"அலாமாக், ஐயோ. எங்க வீட்ல யாரு மலாய்ல எழுதுவா? அவரு பாதர்மாரு நடத்துன ஸ்கூல்ல படிச்சவரு. அது இங்கிலீஷ், தம்பி. ஏர். காத்து."

எப்படி நிறுத்துவது என்று கேட்டான்.

"வீட்ல சின்னப் புள்ள இருக்கா?"

"மக இருக்கா. சொல்லுங்க ஆண்ட்டி. என்ன செய்யணும்?"

"தொட்டி மேல வாய வச்சு ஊதணும். எங்க வீட்டுக்காரருக்கு நானும் ஊதினேன், தம்பி." அவள் மூக்கை உறிஞ்சினாள். "பத்தல."

கைப்பேசியைப் போட்டான். தொட்டியின் மேல்துளையில் வாயை வைத்தான். ஊதினான்.

தெளிந்த நீர் வெளுத்தது. பக்கத்து அறையில் விசில் கேட்டது. உறுதியாக, ஒழுங்காக. அவன் கண்ணில் நீர் வழிந்தது. மூச்சை இழுத்தான், பாதிதான் வந்தது. ஊதினான். இழுத்தான், கால்வாசி. உதட்டை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. மூடி உட்காரும் ரப்பர் வளையம் உதட்டைக் கவ்வியிருந்தது. அவன் ஊதுவதை நிறுத்தினாலும் காற்று போய்க்கொண்டே இருந்தது.

மணி மூன்று நாற்பது.

விசில் நின்றது.

பிறகு காலடிச் சத்தம். சின்னக் கால்கள். ஈரத்தரையில்.

லோஷினி அறை வாசலில் நின்றாள். கன்னம் சிவந்திருந்தது. பத்து நாளாக இல்லாத நிறம். ஓடு என்று சொல்ல நினைத்தான். தொட்டிக்குள் ஒரு குமிழி வந்தது.

அவள் பெட்டியருகே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். வாளியைத் தள்ளினாள். குனிந்தாள். அடிக்குழாயை வாயில் வைத்துக்கொண்டு, அவனையே பார்த்தபடி உறிஞ்சத் தொடங்கினாள்.

அவன் சட்டை உள்வாங்கியது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் துணியில் தெரிந்தன.

நடுவில் மூச்சு வாங்க அவள் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை.