சோபாவின் இடது மூலை

"முடிச்சு முடிச்சா இருக்கிற துணி வேண்டாம்மா. பூனை நகம் மாட்டும். நெருக்கமா நெய்ததா பார்த்து எடு."

"சோபா மனுஷங்க உட்காரத்தானே அத்தை?"

"அதை மேனேஜர்கிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா கேட்க மாட்டான்."

மேனேஜர் என்பது வீட்டின் மூத்த கடுவன் பூனை. இரண்டு வருடத்துக்கு முன் மாமியார் இதைச் சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தது மருமகளுக்கு இன்னும் காதில் இருந்தது. அன்று அவள் வீம்புக்காகவே முடிச்சு முடிச்சாக நெய்த சணல் நிறத் துணியைத் தேர்ந்தெடுத்தாள். மாமியார் மறுபேச்சு பேசவில்லை. "உனக்குப் பிடிச்சா எனக்கும் பிடிச்ச மாதிரிதான்" என்று காதுக்கருவியை அழுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது பிற்பகல் மூன்றரை மணி. நாலு மணிக்குக் குஷன்காரர் வருவார். சோபாவைத் துடைத்துக்கொண்டே வந்தவளின் கை இடது மூலையில் நின்றது. துணி நைந்து கிழிந்திருப்பது தெரிந்த விஷயம்தான், அதற்காகத்தானே மாற்றுகிறார்கள். ஆனால் பூனை பிறாண்டினால் நூல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், ஜன்னல் திரையில் நிற்கிற மாதிரி. இங்கே நூலெல்லாம் உள்ளே போயிருந்தது. சின்னச் சின்னக் குழிகள், நான்கு நான்காக, யாரோ அடியிலிருந்து பிடித்து இழுத்தது போல.

வீட்டில் மூன்று பூனைகள். இரண்டு வருடமாக ஒன்றுகூட இந்தச் சோபாவில் ஏறியதில்லை. வருகிறவர்களிடமெல்லாம் மாமியார் பெருமையடித்துக்கொள்வார்: "என் மருமக ஒரு தடவை சொன்னா போதும், பூனைகூடக் கேட்கும்." ஒவ்வொரு தடவையும் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள்.

குஷன்காரர் தோளில் மாதிரித் துணிப் பையுடன் வந்தார். இதே சோபாவுக்கு முன்பு துணி போட்டவர். உள்ளே வந்ததும் சிரித்தார்.

"பார்த்தீங்களா, மாமியாரும் மருமகளும் ஒத்துப்போகலேன்னா எனக்குத்தான் வேலை."

"யாரு ஒத்துப்போகல?" என்றார் மாமியார். "இவ என்கூட ஒருநாள் சண்டை போட்டான்னா நான் ஊரைக் கூட்டிக் கொண்டாடுவேன். வாயைத் திறந்து இது வேணும்னு ஒண்ணு கேட்டதில்லை. இந்தத் தடவையும் துணியை அவளே எடுக்கட்டும். நான் டீ போடறேன்."

அந்த அன்புதான் அவளைக் கூசவைத்தது. திட்டியிருந்தால் தேவலை.

குஷன்காரர் ஐந்து துண்டுகளை இடது மூலை இருக்கையில் விரித்தார். பையிலிருந்து ஒரு கம்பி பிரஷ் எடுத்து ஒவ்வொன்றிலும் அழுத்திக் கீறிக் காட்டினார். "ரெக்சின் வேண்டாம்மா, ஒரு ஓட்டை விழுந்தா அங்கேருந்தே உரியும். இந்த வெல்வெட்டைப் பாருங்க, நகம் மாட்ட இடமே இல்லை, வழுக்கிடும். ஈரக் கையால வழிச்சா பூனை முடியும் வந்துடும்." பச்சை வெல்வெட். கீறிய தடத்தைக் கையால் தடவிவிட்டதும் மறைந்துவிட்டது. எவ்வளவு சுலபமாக மறைந்துவிட்டது.

"இதுவே இருக்கட்டும் அண்ணே."

அவர் குனிந்து பழைய துணியைத் தடவினார். புருவம் சுருங்கியது. "இது மேலேருந்து பிறாண்டினது இல்லையே."

"இத்துப்போச்சு. வெயில் படற இடம்" என்றாள் அவசரமாக.

"சரி. அடி வரைக்கும் முழுசாப் பிரிச்சுப் போடணுமா, இல்ல பழசு மேலேயே இழுத்துப் போர்த்திடவா? போர்த்தினா அரை நாள் வேலை. உள்ளே கையே வைக்க வேண்டாம்."

உள்ளே கையே வைக்க வேண்டாம்.

அன்றும் இவர்தான் சோபாவைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் கறுப்புத் துணியை வைத்துப் பின் அடித்துக்கொண்டு வந்தார். இடது மூலையில் ஒரு கை நுழையும் இடைவெளியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து அதையும் மூடினார். அன்று மாலை சாம்பல் என்ற தாய்ப்பூனை, தன் ஒற்றைக் குட்டியைத் தேடிக்கொண்டு வீடெல்லாம் அலைந்தது. மாமியார் சின்னதே, சின்னதே என்று கூப்பிட்டுக்கொண்டு கிண்ணத்தில் பாலோடு தோட்டத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். அவர் காதுக்கு அந்த மெல்லிய குரல் எட்டவில்லை. இவளுக்கு எட்டியது. இடது மூலையிலிருந்து.

நாலு பின்னைப் பிடுங்கினால் போதும். ஒரு ஸ்க்ரூடிரைவர், இரண்டு நிமிஷம். ஆனால் மறுநாள் அலுவலகத் தோழிகள் புதுத் துணி போட்ட சோபாவைப் பார்க்க வருவதாக இருந்தது. பூனையால் வந்த வினை என்று இப்போதே பிரிக்கத் தொடங்கினால் மாமியார் சொன்னதுதான் சரி என்றாகிவிடும். எப்படியாவது வெளியே வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் தோழிகள் அதன்மேல் உட்கார்ந்து சிரித்தார்கள். அவள் டிவி சத்தத்தைக் கூட்டினாள். மூன்றாம் நாள், "நான் பார்க்கவே இல்லையே அத்தை, யாராவது தூக்கிட்டுப் போயிருப்பாங்க" என்று சொல்லியாகிவிட்டது. இனிப் பிரித்தால் பொய் வெளியே வரும். நான்காம் நாள் சத்தம் இல்லை. பத்தாம் நாள் வாடைக்கு, எலி செத்திருக்கும் என்றாள்.

பிரிச்சுப் பாருங்க. இந்த இரண்டு சொற்கள் இரண்டு வருடமாகத் தொண்டையில் முள்ளாக நின்றன.

"போர்த்திடுங்க அண்ணே" என்றாள்.

சொன்னதும் ஒரு சத்தம். மிக மெல்லியது. துணியை நகம் கொக்கியிட்டு விடுவிக்கும் 'டிக்'.

குஷன்காரர் அளவு நாடாவைப் பிரித்துக்கொண்டிருந்தார். அதுதான் சத்தமோ? அவள் இருக்கையைப் பார்த்தாள். பச்சை வெல்வெட் துண்டு, வைத்த இடத்தில் இல்லை. ஒரு விரற்கடை உள்நோக்கி நகர்ந்திருந்தது. அதன் நடுவில் நான்கு குழிகள்.

வெல்வெட்டில் நகம் மாட்டாது என்றாரே.

கூடத்து வாசலில் மூன்று பூனைகளும் வந்து நின்றன. மேனேஜரின் வால் புசுபுசுவென்று விரிந்திருந்தது. சாம்பல் மட்டும் காதுகளை மடக்கி, வயிறு தரையில் உரச, ஓரடி முன்னே வந்தது. நின்றது. பின்வாங்கியது.

காய்ந்த பால் வாடை. எங்கிருந்தோ.

"அடியில அளவு எடுக்கணும், ஒரு கை பிடிங்க" என்றபடி குஷன்காரர் இடது பக்கத்தைத் தூக்கினார். தூக்க முடியவில்லை. மறுபடி மூச்சுப்பிடித்து முயன்றார். ஒரு சாண் எழும்பியது.

"என்னம்மா இது? அன்னைக்கு ஒத்தை ஆளா கவிழ்த்தேனே. உள்ளே கல்லா வச்சிருக்கீங்க?"

அவள் குனிந்து அடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

மாமியார் டீத் தட்டோடு வந்தார். காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பேட்டரி போயிடுச்சு போல. ஒண்ணும் கேட்கல." தட்டை வைக்கப் போனவர் அப்படியே நின்றார். தலையைச் சாய்த்தார். கத்தினாலொழிய எதுவும் கேட்காத அந்த முகம் மெல்ல மலர்ந்தது.

"ஏம்மா... நம்ம சின்னது குரல் மாதிரி இல்ல?"

குஷன்காரர் தூக்கிய பக்கத்தை விடாமல் பிடித்திருந்தார்.

"பசிக்குது அதுக்கு." மாமியாரின் கண்கள் நிறைந்தன. "எங்கேம்மா இருக்கு? நீ பார்த்தியா?"

அதே கேள்வி. அன்று கேட்ட அதே சொற்கள். அதே நம்பிக்கை.

அவள் முழங்காலிட்டாள். தூக்கிப் பிடித்த இடைவெளியில் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கறுப்பு அடித்துணி கீழே தொய்ந்து தொங்கியது. இடது கோடி முதல் வலது கோடி வரை. முழு நீளத்துக்கும். தொய்வு மெதுவாக உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது.

உள்ளங்கையில் அடங்கிய குட்டி அது. அன்று.

இடது மூலையில் துணியைத் துளைத்துக்கொண்டு நான்கு நக முனைகள் வந்தன. ஒவ்வொன்றும் அவள் விரல் நீளம். அதே நொடியில் வலது மூலையில் ஏதோ வால்போல் ஒருமுறை புரண்டு படுத்தது. நடுவிலிருந்து ஒரு குரல், இன்னும் பால்குடி மறக்காத குட்டியின் குரல், மெல்லியதாக, பொறுமையாக, ஒரே ஒரு முறை கூப்பிட்டது.

குஷன்காரர் பிடியை இறுக்கினார். "விட்டுடவா? மூடிடவா?"

பின்னால் மாமியார், பாலுக்குக் கிண்ணம் எடுக்கும் சத்தம்.

அவள் வாயைத் திறந்தாள். காது கேட்காத மாமியாருக்கும் கேட்க வேண்டும் என்று, வீடே அதிர, கத்தினாள்.

"பிரிச்சுப் பாருங்க அண்ணே! சின்னது உள்ளேதான் இருக்கு!"