ஓடுதளத்து நாய்களும் ஒரு கேப்டனும்

ராணுவ அதிகாரி ஒருவர் ஜீப்பின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

வேனை விட்டு இறங்கியதும் அவள் கண்ணில் பட்டது அந்தக் காட்சிதான். மடிப்புக் கலையாத சீருடை, ஆறடி உயரம், அளவெடுத்து வெட்டிய மீசை... கீழே, சக்கரத்தின் அருகே, ஒரு குட்டி நாய் அவரை அண்ணாந்து பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"அது... கடிக்குமா?"

"கடிக்க ஆசைதான் சார். ஆனா பாவம், பல்லு இன்னும் சரியா முளைக்கலையே!"

சொல்லிவிட்டு அவள் கலகலவென்று சிரித்துவிட்டாள். பக்கத்துக் கொட்டகையிலிருந்த சிப்பாய்களும் கொல்லென்று சிரித்தார்கள். அவருடைய காது மடல்கள் சிவந்தன.

"நீங்க யாரு?"

"கால்நடை டாக்டர். இங்க நாய்த்தொல்லை தாங்கலைன்னு கூப்பிட்டீங்களாமே..."

அவர் மேலேயிருந்து அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். கோபப்பட வேண்டிய கண்கள் ஏனோ கோபப்படாமல் ஒரு நொடி அப்படியே நின்றன. என்ன பார்வை இது? திட்டப்போகிறாரா, சிரிக்கப்போகிறாரா? அவளுக்குப் புரியவில்லை. குட்டியை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு நகர்ந்தாள். குழப்பம் அன்றைக்கே பிடித்துக்கொண்டது.

விஷயம் விளையாட்டல்ல. அந்த ராணுவ விமானத் தளத்தில் நாய்கள் பெருகிப்போயிருந்தன. சமையற்கூடத்து மிச்சம் மீதிக்காக வேலிக்கடியில் நுழைந்தவை அங்கேயே குடும்பம் நடத்திக் குட்டிகளும் போட்டுவிட்டன. போன மாதம் தரையிறங்கிய விமானத்தின் குறுக்கே ஒரு நாய் ஓட, விமானி மயிரிழையில் பிழைத்தார். சுட்டுத் தள்ளுங்கள் என்றது ஒரு கட்சி. தளபதிதான், முதலில் டாக்டரைக் கூப்பிட்டுப் பார்ப்போம் என்றார். பிடிக்க வேண்டும்; கருத்தடை செய்ய வேண்டும்; தடுப்பூசி போட்டு வெளியே உள்ள காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்குள் இன்னொரு நாய் ஓடுதளத்தில் கால் வைத்தால் துப்பாக்கிதான் பேசும்.

ஓடுதளத்தின் பாதுகாப்புக்குப் பொறுப்பு அந்த ஜீப் கேப்டன். அவள் வேலையைத் தினமும் பார்த்து ஒப்புதல் தர வேண்டியவரும் அவரே. போதாதா?

தினமும் வருவார். பத்தடி தள்ளி நிற்பார்.

"இன்னைக்கு எத்தனை?"

"நாலு. கிட்ட வந்து பாருங்களேன் சார், எல்லாம் மயக்கத்துலதான் இருக்கு."

"இங்கேருந்தே தெரியுது."

அவ்வளவுதான். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். சரியான சிடுமூஞ்சி என்று அவள் முடிவு கட்டிய மறுநாள், அறுவை சிகிச்சை செய்யும் கொட்டகையில் புது மின்விசிறி சுற்றும். குப்பைத்தொட்டிகளுக்கு மூடி வேண்டும் என்று அவள் முணுமுணுத்தால், மாலைக்குள் எல்லாத் தொட்டியும் மூடியிருக்கும். யார் சொன்னது என்று கேட்டால், "கேப்டன்தான்" என்பார்கள்.

அவள் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா... ஒருத்தர் நாம பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிறார். நாம பார்க்காதப்போ பார்க்கிறார். இதுக்கு என்ன அர்த்தம்?"

"நீதான் பார்க்கலையே... அப்புறம் அவர் பார்த்தது உனக்கு எப்படிடி தெரியும்?"

அக்கா சிரித்த சிரிப்பில் போனே சூடாகிவிட்டது.

பிறகு வந்தது அந்த மழை நாள்.

சாம்பல் நிற வானம் தரை வரை இறங்கியிருந்தது. ஓடுதளத்தை ஒட்டிய வடிகாலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அதன் குழாய்க்குள் ஒரு தாய் நாய் குட்டி போட்டிருந்தது யாருக்கும் தெரியாது. வெளியே இரை தேடிப் போயிருந்த தாய், ஓடுதளத்தின் மறுபக்கத்தில் நின்று ஊளையிட்ட பிறகுதான் தெரிந்தது. எந்த நிமிடமும் அது குறுக்கே பாயும். வானத்தில் ஒரு விமானம் இறங்கத் தயாராகிக்கொண்டிருந்தது. ஒரு சிப்பாய் துப்பாக்கியை எடுத்துவிட்டான்.

"சுடாதீங்க!" அவள் மழையில் ஓடினாள். "குட்டிங்க இங்க இருக்கு. அதான் தவிக்குது!"

கேப்டன் ஒயர்லெஸ்ஸில் விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கூப்பிட்டார். "விமானத்தை ஒரு சுற்று சுற்ற வைங்க. ஆமா, என் பொறுப்பு." பிறகு சிப்பாயின் துப்பாக்கியைக் கையால் தாழ்த்தினார்.

"டாக்டர், நீங்க சுத்திப் போய் தாயைப் பிடிங்க. உங்களைத்தான் அது கிட்ட விடும்."

"குட்டிங்க? தண்ணி ஏறுதே! யாரு..."

அவர் ஏற்கெனவே வடிகாலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். இடுப்பளவுத் தண்ணீர். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. குழாய்க்குள் கையை விட்டபோது அவர் கண்களை இறுக மூடிக்கொண்டதை அவள் பார்த்தாள். ஒரு குட்டி... இன்னொன்று... மூன்றாவது அவர் சட்டையைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. அவர் அதையும் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு மேலே வந்தார்.

அவள் தாயைக் கயிற்றில் கட்டி வேனில் ஏற்றிவிட்டு வந்தபோது, அவர் குட்டிகளை ஒரு கூடையில் இறக்கிவிட்டு மறுபடி பத்தடி தள்ளி நின்றிருந்தார்.

"சின்ன வயசுல ஒரு நாய் கடிச்சிடுச்சு," என்றார், அவள் கேட்காமலே. "அதுலேருந்து இப்படித்தான்."

"அப்போ ஏன் இறங்கினீங்க?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இமைகளில் மழைத்துளிகள்... ஏதோ சொல்ல வந்தார். தலைக்கு மேல் விமானம் இரைச்சலோடு இறங்கியது. அது ஓய்ந்தபோது அவர் ஜீப்பை நோக்கி நடந்துவிட்டார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு மேஜர் வந்து, "நல்லா நடக்குதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேன் ஓட்டும் அண்ணன்தான் சமையற்கூடத்தில் கேட்டதை மென்று விழுங்கிச் சொன்னார். "கேப்டன் தளபதிகிட்ட போயி, இந்த டாக்டர் வேலையை என்னால பார்க்க முடியாது, வேற ஆளைப் போடுங்கன்னு கேட்டாராம் தங்கச்சி."

அவளுக்குச் சுருக்கென்றது. என்னோடு வேலை பார்க்க முடியாதாமா? அன்றைக்குச் சிரித்ததற்கா இவ்வளவு? அப்படியானால் அந்த மின்விசிறி எதற்கு? அந்தப் பார்வை எதற்கு? நானாவது போய்க் கேட்பதாவது! வேலை முடிந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான்...

அப்படித்தான் முடிவு செய்தாள். ஆனால் கால்கள் அவர் அலுவலக வாசலில் போய் நின்றன. மழை தூறிக்கொண்டிருந்தது.

"நான் செஞ்ச வேலையில என்ன குறை கேப்டன்?"

அவர் திடுக்கிட்டு எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. இரண்டு பேருமே அதை எடுக்கவில்லை.

"ஒரு குறையும் இல்லை."

"பின்னே ஏன் என் வேலையைப் பார்க்க முடியாதுன்னீங்க? நான் சிரிச்சது தப்புதான். மன்னிச்சிடுங்க. அதுக்காக இப்படியா..."

"ஐயோ, அதில்லைங்க." அவர் தவித்தார். ஒயர்லெஸ்ஸில் அத்தனை தெளிவாகப் பேசியவருக்கு இப்போது வார்த்தை வரவில்லை. "உங்க வேலை நல்லா இருக்குன்னு சொல்ற இடத்துல நான் இருக்கேன். அந்த இடத்துல இருந்துகிட்டு... உங்களைப் பிடிச்சிருக்குன்னு எப்படிச் சொல்றது? நீங்க மாட்டேன்னு சொல்லணும்னா பயமில்லாம சொல்ல முடியணும் இல்லையா? அதான் என்னை மாத்தச் சொல்லிக் கேட்டேன். மாத்தின அப்புறம் பார்த்தா... உங்க முன்னால வந்து நிக்கத் தைரியம் வரலை."

மழை சட்டென்று பலத்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

"இத்தனை நாளா எனக்கு மண்டையே வெடிச்சிடும் போல இருந்துச்சு. நாய்க்கு எங்க வலிக்குதுன்னு தொட்டாலே சொல்லிடுவேன். உங்க மனசுல என்னன்னு மட்டும் பிடிபடவே இல்லை."

"இப்போ?"

"இப்போ உங்க மனசு தெரிஞ்சிடுச்சு. எனக்கு என்ன வேணும்னுதான்..." அவள் நிறுத்தினாள்.

அவர் முகம் வாடியது. "பரவாயில்லைங்க. யோசிச்சே சொல்லுங்க. மாட்டேன்னாலும்..."

"முழுசாச் சொல்ல விடுங்களேன்!" அவள் உள்ளே வந்தாள். அவர் பின்வாங்கவில்லை. "எனக்கு என்ன வேணும்னு எங்க அக்காவுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் லேட்டாத் தெரிஞ்சிருக்கு..."

"என்ன வேணும்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுத்தாள். மழைச் சத்தத்தில் அது அவருக்குக் கேட்டிருக்குமோ கேட்டிருக்காதோ என்று பயந்து, இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

"நீங்கதான்."