இறங்கிப் பார்க்கவில்லை

எதிரே வந்த ஆட்டு லாரியின் ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒற்றை விரலை உயர்த்தினார். ரோவீனாவும் உயர்த்தினாள்; அந்த நெடுஞ்சாலையில் அதுதான் வணக்கம். லாரி கடந்தபோது எழுந்த காற்று காரை ஒருமுறை உலுக்கி, கம்பளி நாற்றத்தையும் செம்மண் புழுதியையும் உள்ளே தள்ளிவிட்டுப் போனது. அப்போதுதான் கவனித்தாள். பக்கத்து இருக்கையில் அம்மாவின் இரண்டு கைகளும் மடியிலேயே கிடந்தன.

டல்சிக்கு எண்பத்திரண்டு வயது. கணவர் இறந்தது மறந்துவிட்டது. போன மாதம் அடுப்பை அணைக்க மறந்ததில் சமையலறைத் திரை எரிந்தது. சில காலைகளில் ரோவீனா யாரென்பதே மறந்துவிடுகிறது. ஆனால் எதிரில் ஒரு வண்டி வந்தால் அந்தக் கை மட்டும் தானாக எழும்; அரைத் தூக்கத்தில்கூட எழும். பதில் விரல் காட்டாதவர்களைப் பட்டணத்துப் பன்றிகள் என்பாள்.

"ஆட்டு லாரிம்மா. பாக்கலியா?"

"பாத்தேன்" என்றாள் அம்மா.

குரல் அம்மாவுடையதுதான்.

விடியும்போதே கிளம்பியிருந்தார்கள். கண் டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று ரோவீனா சொல்லியிருந்தாள். வண்டியின் பின்பக்கத்தில், போர்வைக்கு அடியில், இரண்டு பெட்டிகள் இருந்தன. அம்மாவின் எல்லாத் துணிகளும் அவற்றில்தான். ஒவ்வொரு துணியின் கழுத்திலும் பெயர் தைத்த துண்டு. முதியோர் இல்லத்தில் அப்படித்தான் கேட்டிருந்தார்கள். அம்மா தூங்கிய பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, நான்கு இரவுகள் உட்கார்ந்து தைத்தாள். இருபத்தேழு முறை டல்சி, டல்சி என்று. போர்ட் அகஸ்டா நகரில் இருந்த அந்த இல்லத்தில் அறை தயாராக இருந்தது.

வழி நெடுக அம்மா அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"எங்கடி போறோம்?"

"கண் டாக்டர்கிட்டம்மா."

"என் கண்ணுக்கு என்ன கேடு? உன் கழுத்துச் சுருக்கத்த இங்கேருந்தே எண்ணிடுவேன்."

ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும். அதற்கு ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும். ரோவீனா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே பதிலைச் சொன்னாள். பிறகு, மாலை நெருங்கும்போது, அம்மாவின் முகம் திடீரெனத் தெளிந்தது. கலங்கிய தொட்டித் தண்ணீர் அடங்கியதுபோல.

"என்னைக் கொண்டு விடத்தான போறே. பொய் எதுக்குடி? கேட்டிருந்தா நானே வந்திருப்பேனே."

ரோவீனா சாலையையே பார்த்து ஓட்டினாள். கழுத்திலிருந்து காது வரை சுட்டது. அடுத்த நிமிடமே அம்மா அதை மறந்துவிட்டு, ஒன்றுக்கு வருகிறது என்றாள்.

லாரிகள் நிறுத்தும் ஒதுக்கிடம் ஒன்று வந்தது. ஒரு தகரக் கூரை, ஒரு சிமெண்டு பெஞ்சு, ஒரு கழிப்பறை. சுற்றிலும் வானம் தொடும் வரை உப்புச் செடிப் புதர்கள். நாற்பத்து மூன்று டிகிரி வெயில். அம்மா கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ரோவீனா வண்டியில் இருந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு அவள் செய்ததற்கு அவளிடமே சொற்கள் இல்லை. கோபம் வரவில்லை. முடிவெடுக்கவும் இல்லை. கால் ஆக்சிலேட்டரை அழுத்தியது, வண்டி நகர்ந்தது, அவ்வளவுதான். கண்ணாடியில் தகரக் கூரை சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்தாள். உடம்பு இலேசானதை உணர்ந்தாள். அந்த இலேசான உணர்வைத்தான் இப்போது நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒன்பது நிமிடம் ஓட்டினாள். பிறகு நிறுத்தி, கதவைத் திறந்து வாந்தியெடுத்து, வண்டியைத் திருப்பினாள்.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முதுகு நிமிர்ந்து, கைகள் மடியில். ரோவீனாவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. இறங்கவில்லை. உள்ளிருந்தபடியே கையை நீட்டிப் பக்கத்துக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டு, முன்னால் இருந்த சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருக்கை இலேசாக அமிழ்ந்தது. கதவு சாத்திக்கொண்டது. பெல்ட் ஒரே தடவையில் மாட்டிக்கொண்டது.

அம்மாவின் விரல்கள் முடக்குவாதத்தில் வளைந்தவை. பத்து வருடமாக ரோவீனாதான் பெல்ட் மாட்டிவிடுகிறாள்.

அதைப் பற்றி அப்போது அவள் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை. எங்கே போனாய் என்று அம்மா கேட்கவில்லையே என்ற நன்றி மட்டும் இருந்தது. ஐம்பது கிலோமீட்டர் தாண்டியும் ஒரு கேள்விகூட இல்லை. அந்த நன்றிதான் வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குக் கீழே இன்னொன்று இருந்தது. காருக்குள் வந்த ஈக்கள் ரோவீனாவின் வாயோரத்தில், கண்ணோரத்தில், வாந்தியின் ஈரம் காயாத சட்டையில் மொய்த்தன. அம்மாவின் மேல் ஒன்றுகூட உட்காரவில்லை. அம்மாவிடம் எப்போதும் இருக்கும் லாவண்டர் பவுடர் வாசனையும் இல்லை. மாறாக, நீண்ட நாள் மூடிக்கிடந்த தொட்டியைத் திறந்ததுபோல ஒரு குளிர்ந்த வாடை.

பெட்ரோல் போட ட்ரூடியின் கடையில் நிறுத்தினாள். ட்ரூடிக்கு அம்மாவை முப்பது வருடமாகத் தெரியும். கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் வெளியே வந்து ஜன்னலில் குனிந்தாள்.

"என்ன டல்சி, இவ்ளோ சமத்தா உக்காந்திருக்கே? நா சுடற பஃப்ஸ்ல கறியவிட மாவுதான் ஜாஸ்தின்னு திட்டாம போனதே இல்லியே நீ."

அம்மா அவளைப் பார்த்துச் சிரித்தாள். ட்ரூடியின் சிரிப்பு பாதியில் நின்றது. நிமிர்ந்து, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ரோவீனாவின் பக்கம் வந்தாள்.

"களைச்சிட்டா போலருக்கு. நீயும்தான். எப்படித்தான் பாத்துக்கறியோ. என் மகளா இருந்தா என்னை எப்பவோ ரோட்டுல இறக்கி விட்டிருப்பா."

ரோவீனா பணத்தைக் கொடுத்துவிட்டு, மீதியை வாங்காமல் கிளம்பினாள்.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. செடிகளின் நிழல்கள் சாலைக்குக் குறுக்கே நீண்டு கிடந்தன. கார் அவற்றின் மேல் ஏறி ஏறி இறங்குவதுபோலக் கண்ணுக்குத் தோன்றியது. திரும்பிப் போகலாம். எழுபது கிலோமீட்டர்தான். கழிப்பறைக்குப் பின்னால் பார்க்கலாம், செடிகளுக்கு இடையில் பார்க்கலாம், பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். ஆனால் எதற்காகத் திரும்பினேன் என்று யாராவது கேட்டால்? அம்மா பக்கத்தில்தானே இருக்கிறாள். ஓட்டு. நான்கு மணிக்கே அங்கே இருந்திருக்க வேண்டும்.

வண்டியின் ரேடியோ கரகரத்தது. லாரிக்காரர்கள் பேசிக்கொள்ளும் அலைவரிசை. அவளும் எல்லோரையும்போல அதைத் திறந்தேதான் வைத்திருந்தாள்.

"தெற்க போறவங்களுக்கு ஒரு சேதி. பின்னால வர்ற என் கூட்டாளி சொன்னத அப்படியே சொல்றேன். தகரக் கூரை ஒதுக்கிடத்துல ஒரு வயசான அம்மா. வெயில்ல சுருண்டு கிடந்திருக்காங்க. தண்ணி குடுத்தாச்சு. பேரு டல்சியாம்."

ரோவீனாவின் கைகள் ஸ்டீயரிங்கில் வழுக்கின.

"தனியாவா?" இன்னொரு குரல். "யாரு விட்டுட்டுப் போனது?"

"யாரும் விட்டுட்டுப் போகலியாம். மக பெட்ரோல் போடப் போயிருக்காளாம், இப்ப வந்துடுவாளாம். வண்டில ஏறவே மாட்டேங்கறாங்க. நா இங்க இல்லேன்னா அவ பயந்துருவான்னு ஒரே பிடிவாதம்."

கரகரப்பு. பிறகு கடை ரேடியோவிலிருந்து ட்ரூடி.

"எந்த டல்சி? டல்சி இப்பத்தான் இங்கேருந்து போனா. ரோவீனா கூட. நானே பேசினேன்."

மறுபடியும் வெறும் கரகரப்பு.

"ரோவீனா." ட்ரூடியின் குரல் இறங்கியிருந்தது. "கேக்குதாம்மா? உன் பக்கத்துல இருக்கறது யாரு?"

ரேடியோவின் மைக்கை எடுத்தாள். பொத்தானை அழுத்தினால் போதும். என் அம்மாதான் அங்கே இருப்பது. நான்தான் விட்டேன். ஆறு சொற்கள். இந்தச் சாலையில் இருக்கிற எல்லோரும் கேட்பார்கள். ட்ரூடி கேட்பாள். தேவாலயத்தில் கேட்பார்கள். ஆட்டுச் சந்தையில் கேட்பார்கள். சாகும்வரை.

பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை.

அழுத்தினாள்.

"அம்மா என் கூடத்தான் இருக்காங்க" என்றாள். "அது வேற யாரோ."

விட்டாள்.

அப்போதுதான் பக்கத்து இருக்கையில் ஒரு மூச்சு கேட்டது. உள்ளே இழுக்கும் மூச்சு. இத்தனை நேரமாக அங்கே மூச்சுச் சத்தமே இல்லாதது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மூச்சு நிற்கவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தது. ஒரு கிழவியின் மார்புக்குள் அடங்காத அளவு. காருக்குள் அடங்காத அளவு.

முன்கண்ணாடி உள்பக்கமாகப் பனி படர்ந்து வெளுக்கத் தொடங்கியது. ஓரங்கள் முதலில். பிறகு நடு. சாலை மங்கியது. சாலை போயிற்று.

அவள் கால் அழுத்திக்கொண்டே இருந்தது.